சோலாருக்கு முன் செய்ய வேண்டியவை: நூற்பாலையில் மின்சாரமும் கார்பனும் குறைய முழுமையான வழிகாட்டி

கோவை, திருப்பூர், திண்டுக்கல், ராஜபாளையம் பக்கம் எந்த நூற்பாலைக்குப் போனாலும் பஞ்சு விலைக்கு அடுத்த கவலை கரண்ட் பில்தான். 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு கோவையில் ஆலைகள் வரிசையாக எழுந்தன. மின்சாரத்தால் வளர்ந்த இந்தத் தொழிலை இன்று அதே மின்சாரம்தான் அழுத்துகிறது. போதாக்குறைக்கு, நூல் வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் ஒரு கிலோ நூலுக்கு எவ்வளவு கார்பன் என்று கணக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டன.

இந்தக் கேள்வி வந்ததும் பெரும்பாலான ஆலைகள் முதலில் கூரையில் சோலார் பேனல் போடத்தான் பார்க்கின்றன. சோலார் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வரிசை முக்கியம். வீணாவதை முதலில் நிறுத்த வேண்டும். அடுத்தது தேவையைக் குறைப்பது, அப்புறம் நல்ல இயந்திரம், கடைசியில் சுத்தமான மின்சாரம். இதைத் தலைகீழாகச் செய்தால், கசிந்து போகும் காற்றுக்கும் தேய்ந்த பெல்ட்டுக்கும் தீனி போடுவதற்காகப் பேனல் வாங்குகிறோம் என்று அர்த்தம்.

நாளொன்றுக்கு 30,000 யூனிட் எடுக்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 350 நாள் ஓடினால் 1.05 கோடி யூனிட். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பது மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. அதன்படி இந்த ஆலையின் பேரில் வருடத்துக்கு 7,350 டன். நூற்பாலையில் பெரிய புகைபோக்கி எதுவும் இல்லாததால் இது கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தப் புகை நெய்வேலியிலும் தூத்துக்குடியிலும் எண்ணூரிலும் உள்ள அனல்மின் நிலையங்களில் போய்க்கொண்டிருக்கிறது. இந்த ஆலை வெறும் 5 சதவீதம் குறைத்தால் 5.25 லட்சம் யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 42 லட்சம் ரூபாய். அதே 5.25 லட்சம் யூனிட்டைச் சூரியனிடமிருந்து எடுக்க ஏறக்குறைய 350 கிலோவாட் பேனல் வேண்டும்.

படி 1: பில்லையும் மீட்டரையும் படியுங்கள்

உயரழுத்த மின்பில்லில் யூனிட் மட்டும் இல்லை. அதிகபட்ச டிமாண்ட் (ஆலை இழுத்த உச்ச சுமை) கே.வி.ஏ.வில் வரும், பவர் ஃபேக்டர் (இழுத்ததில் எவ்வளவு பயனாக வேலை செய்தது என்ற அளவு) வரும், உச்ச நேர யூனிட் தனியாக வரும். தமிழ்நாட்டில் காலை, மாலை உச்ச நேரங்களில் யூனிட் விலைக்கு மேல் 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. கட்டணம் அடிக்கடி மாறுவதால் கையிலிருக்கும் பில்லைப் பார்த்தே கணக்குப் போடுங்கள். தண்ணீர் ஏற்றும் மோட்டார், வேஸ்ட் பேல் பிரஸ், பேட்டரி வண்டி சார்ஜிங் போன்றவற்றை உச்ச நேரத்திலிருந்து நகர்த்தலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இப்படி நகர்த்துவது பில்லைக் குறைக்கும், யூனிட்டைக் குறைக்காது. கார்பன் கணக்கில் இதைச் சாதனையாக எழுதக் கூடாது.

அடுத்தது துணை மீட்டர். மெயின் மீட்டர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. புளோரூம் (பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்வது), கார்டிங் (இழைகளைச் சீவுவது), டிராயிங்-சிம்ப்ளக்ஸ் (இழைப்பட்டையை இழுத்து மெலிதாக்குவது), ஸ்பின்னிங் (நூலாக முறுக்குவது), ஆட்டோகோனர் (நூலைக் கோனில் சுற்றுவது), ஹியுமிடிஃபிகேஷன் (காற்றின் ஈரப்பதத்தைக் காப்பது), கம்ப்ரசர், லைட்டிங் என்று ஃபீடருக்கு, அதாவது மின்கிளைக்கு, ஒன்றாவது வையுங்கள். மொத்த மின்சாரத்தில் பாதியோ அதற்கு மேலோ ஸ்பின்னிங்கில் நூல் முறுக்கும் இயந்திரமான ரிங் ஃபிரேம் எடுத்துக்கொள்ளும். அடுத்த பெரிய பங்கு ஹியுமிடிஃபிகேஷனுக்குப் போகும்.

இனி யூ.கே.ஜி., அதாவது ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட். பல இடங்களில் தடுமாறுவது இங்கேதான். 30-ஆம் கவுண்ட் ஓடிய மாதத்தையும் 60-ஆம் கவுண்ட் ஓடிய மாதத்தையும் அப்படியே ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது. கவுண்ட் எண் ஏற ஏற நூல் மெலியும். நூல் மெலிய மெலிய, அதே ஸ்பிண்டில் (நூலை முறுக்கிச் சுற்றும் கதிர்) ஒரு ஷிப்டில் தரும் கிலோ குறையும், யூ.கே.ஜி. ஏறும். அதனால் எல்லாவற்றையும் 40-ஆம் கவுண்டுக்கு மாற்றி ஒப்பிடுவது வழக்கம். 1956-ல் கோவையில் தொடங்கப்பட்ட சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையம் இதற்கான முறைகளையும் மற்ற ஆலைகளோடு ஒப்பிடும் அளவுகோல்களையும் தருகிறது, மின் தணிக்கையும் செய்து தருகிறது. மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம் சான்றளித்த தணிக்கையாளரையும் கூப்பிடலாம். ஆனால் தணிக்கையாளர் வருவதற்கு முன்பே மூன்று மாதத் துணை மீட்டர் கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அவர் அளந்த இரண்டு நாளை வைத்தே அறிக்கை எழுத வேண்டியிருக்கும்.

படி 2: கம்ப்ரசர் காற்று, முதல் வேட்டை இங்கே

காசு போடாமல் கை வைக்கக்கூடிய இடம் இதுதான். ஆலையிலேயே விலை அதிகமான சக்தி அழுத்தக் காற்று. கம்ப்ரசருக்குப் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே வெளியேறிவிடும். மிஞ்சுவதும் கசிந்து போனால் என்ன மிச்சம்?

கசிவைக் கண்டுபிடிக்கச் சரியான நாள் ஆயுத பூஜை விடுமுறை. பொங்கல், தீபாவளி விடுமுறையும் சரிதான். மூன்று ஷிப்டும் ஓடும் ஆலையில் மற்ற நாளில் இரைச்சலில் எதுவும் காதில் விழாது. விடுமுறையில் எல்லா இயந்திரமும் நின்றிருக்கும்போது, ஆட்டோகோனர் வால்வுகளைத் திறந்தே வைத்து, ஒரே ஒரு கம்ப்ரசரை ஓட விடுங்கள். காற்றை யாரும் பயன்படுத்தாத நேரம் அது. ஒழுங்காக அது லோடே எடுக்கக் கூடாது, அதாவது காற்றை அழுத்தவே கூடாது. எடுத்தால், எடுப்பது முழுக்கக் கசிவுக்குத்தான்.

கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரம் லோடில் ஓடுகிறது, எவ்வளவு நேரம் அன்லோடில் இருக்கிறது என்று நான்கைந்து சுற்றுக்குக் குறியுங்கள். லோட் நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவு விகிதம் வந்துவிடும். நிமிடத்துக்கு 250 கன அடி தரும் 45 கிலோவாட் கம்ப்ரசர் ஒன்று, ஒன்றரை நிமிடம் லோடு, நாலரை நிமிடம் அன்லோடு என்று ஓடினால் கசிவு 25 சதவீதம். சுமார் 11 கிலோவாட் காற்றில் போகிறது. வருடத்துக்கு 8,000 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 90,000 யூனிட், 7 லட்சம் ரூபாய்க்கு மேல், 60 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் கருவி) பொருத்திய கம்ப்ரசரில் லோட்-அன்லோட் தெரியாது. அங்கே இந்தச் சோதனைக்குப் பழைய சாதாரண கம்ப்ரசரைப் பயன்படுத்துங்கள்.

அப்புறம் சோப்புத் தண்ணீரோடு லைன் முழுக்க நடக்க வேண்டும். பெரிய பைப்பில் தேடாதீர்கள், அங்கே கசிவு குறைவு. புஷ்-ஃபிட் கனெக்டர், குயிக் கப்ளர், ஃபில்டர் ரெகுலேட்டரின் கிண்ணம், தண்ணீர் வடியட்டும் என்று கொஞ்சம் திறந்தே விட்ட டிரெயின் வால்வு, பழைய பாலியூரித்தேன் டியூபின் முனை: இங்கேதான் இருக்கும். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய அட்டையைக் கட்டி, நோட்டில் ஏற்றி, சரி செய்த தேதியை எழுதுங்கள். 7 பார் லைனில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று மட்டுமே சுமார் 3 கிலோவாட் தின்னும். வருடம் முழுக்க ஓடினால் 24,000 யூனிட். ஃபிட்டர் அரை மணி நேரத்தில் மாற்றக்கூடிய ஒரு கனெக்டர் அது.

கசிவு அடைபட்ட பிறகு அழுத்தத்துக்கு வாருங்கள். 1 பார் குறைத்தால் கம்ப்ரசரின் மின்சாரம் 6 முதல் 7 சதவீதம் குறையும். ஆட்டோகோனர் கையேட்டில் என்ன கேட்கிறது என்று பார்த்து, 0.2 பார் வீதம் இறக்கி, ஒவ்வொரு முறையும் ஒரு முழு ஷிப்ட் கவனியுங்கள். ஸ்பிளைஸ் (அறுந்த நூலைக் காற்றால் சேர்க்கும் இணைப்பு) பலம் குறைந்தால் உடனே ஒரு படி ஏற்றுங்கள். நூல் தரத்தைப் பலிகொடுத்து மின்சாரம் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கம்ப்ரசர் அறைச் சூட்டையும் கவனியுங்கள். உள்ளே இழுக்கும் காற்று 4 டிகிரி சூடானால் சுமார் 1 சதவீதம் கூடுதல் மின்சாரம். சூடான காற்றை வெளியே தள்ள டக்ட் போட்டு, நிழல் பக்கத்திலிருந்து உள்ளே இழுக்கட்டும். நூற்பாலையில் பறக்கும் பஞ்சுத்தூசு கூலரையும் ஃபில்டரையும் சீக்கிரம் அடைக்கும், அதனால் சுத்தம் செய்யும் இடைவெளி கையேட்டில் உள்ளதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். காற்றுக் குழாயால் இயந்திரத்தையும் உடம்பில் ஒட்டிய பஞ்சையும் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். காசு ஒரு பக்கம், கண்ணுக்கும் காதுக்கும் ஆபத்து என்பது அதைவிடப் பெரிது. இயந்திரத்துக்குச் சின்ன புளோயர் போதும்.

படி 3: ஹியுமிடிஃபிகேஷன்

விசிறியின் விதி நமக்குச் சாதகமானது. வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கோடைப் பகலுக்காக வடிவமைத்த சப்ளை ஃபேன், மார்கழி விடியற்காலையிலும் அதே வேகத்தில் ஓடுவது வெறும் வீண். வி.எஃப்.டி. பொருத்தி, டிபார்ட்மென்ட்டின் ஈரப்பதம், வெப்பம் இரண்டோடும் இணைத்துவிட்டால் தானாக ஏறி இறங்கும். டேம்பரை (காற்றுப்பாதைத் தடுப்பை) மூடிக் காற்றைக் குறைக்கும் பழைய பழக்கத்தில் மின்சாரம் அவ்வளவாகக் குறையாது.

ஆனால் இங்கே பேராசை கூடாது. ஸ்பின்னிங்கில் 55 முதல் 60 சதவீதம் ஈரப்பதம் கிடைக்காவிட்டால் இழை அறுபடும். அறுந்த இழை சக்ஷனில் வேஸ்ட்டாகப் போகும், ஸ்பிண்டிலோ நூல் தராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஃபேனில் மிச்சம் பிடித்ததை யூ.கே.ஜி.யில் இழந்துவிடுவீர்கள்.

வி.எஃப்.டி. வாங்குவதற்கு முன்பே செய்யக்கூடியவையும் உண்டு. அடைத்த நாசிலைச் சுத்தம் செய்வது, நீர்த்துளிகளைத் தடுக்கும் எலிமினேட்டரில் படிந்த உப்பை எடுப்பது, ரோட்டரி ஃபில்டரின் பஞ்சை நேரத்துக்கு எடுப்பது. காற்றுப்பாதை அடைபட்டால் ஃபேன் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. ஃபேனில் பழைய உலோக இம்பெல்லர் (சுழலும் இறக்கைகள்) இருந்தால் எடை குறைந்த எஃப்.ஆர்.பி. (இழை சேர்த்து வலுவாக்கிய பிளாஸ்டிக்) இம்பெல்லருக்கு மாறுங்கள். பல ஆலைகளில் நன்கு நிலைத்துவிட்ட மாற்றம் இது.

படி 4: ரிங் ஃபிரேம்

பாதி மின்சாரம் போகும் இடம் என்பதால் இங்கே சிறு மாற்றமும் பெரிய தொகையாகும். ஆனால் நூறு ஃபிரேமிலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு ஃபிரேமில் சோதித்துப் பாருங்கள்.

சோதனையை எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டாஃப் எடுத்தவுடன் (நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றியவுடன்) காலி பாபினோடு ஓடும்போது ஃபிரேம் எடுக்கும் மின்சாரம் வேறு, காப் (பாபினில் சேரும் நூல் சுற்று) நிறைந்து டாஃப் எடுக்கும் நேரத்தில் எடுப்பது வேறு. காப் பருக்கப் பருக்க காற்றுத் தடையும் எடையும் ஏறும். அதனால் கிளாம்ப் மீட்டரை மாட்டி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ‘இந்த டேப்பில் (ஸ்பிண்டிலைச் சுழற்றும் பட்டை) இவ்வளவு மிச்சம்’ என்று சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டாம். அதே கவுண்ட், அதே ஸ்பிண்டில் வேகம், அதே எண்ணெய். மாற்றும் முன் சில முழு டாஃப், மாற்றிய பின் சில முழு டாஃப். யூனிட்டைக் கிலோவால் வகுத்து ஒப்பிடுங்கள். அது சொல்லும் உண்மை.

எதையெல்லாம் சோதிக்கலாம்? எடை குறைந்த, நெகிழும் ஸ்பிண்டில் டேப். தேய்ந்த ஜாக்கி புல்லி, டேப் இழுவிசை. உற்பத்தியாளர் அனுமதிக்கும் வரம்புக்குள் பாகுத்தன்மை குறைந்த ஸ்பிண்டில் எண்ணெய். எடை குறைந்த பாபின். அறுந்த இழையை உறிஞ்சும் நியூமாஃபில் ஃபேனில் தேவைக்கு மேல் உறிஞ்சும் அழுத்தம் வைத்திருந்தால் அதைக் குறைப்பது. வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஸ்பிண்டில் வேகம் ஏறும்போது உற்பத்தி ஏறுவதைவிட வேகமாக மின்சாரம் ஏறும். ஆர்டர் மந்தமாக இருக்கும் மாதத்தில் பாதி ஃபிரேமை நிறுத்திவிட்டு மீதியை முழு வேகத்தில் விரட்டுவதா, எல்லாவற்றையும் கொஞ்சம் மெதுவாக ஓட்டுவதா என்பதை யூ.கே.ஜி. பார்த்து முடிவு செய்ய வேண்டும். விளக்கு, ஹியுமிடிஃபிகேஷன் செலவையும் அதில் சேர்த்துப் பாருங்கள்.

படி 5: மோட்டார்

எரிந்த மோட்டாரைத் திரும்பத் திரும்ப ரீவைண்டிங் செய்வது சிக்கனம் போலத் தெரியும். முறையில்லாமல் செய்த ஒவ்வொரு ரீவைண்டிங்கிலும் திறன் கொஞ்சம் இறங்கும். 15 கிலோவாட், 4 போல் மோட்டாரில் சர்வதேசத் திறன் வகைப்பாட்டில் பழைய ஐ.இ.1 வகையின் திறன் 88.7 சதவீதம், ஐ.இ.3 வகையில் 92.1 சதவீதம். முழு லோடில் 8,000 மணி நேரம் ஓடினால் வித்தியாசம் சுமார் 5,000 யூனிட், 40,000 ரூபாய். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல மோட்டாரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எந்த மோட்டார் எரிந்தால் ரீவைண்ட், எந்த மோட்டார் எரிந்தால் புதிது என்ற பட்டியலை இப்போதே எழுதி வையுங்கள். நள்ளிரவில் மோட்டார் எரிந்த பிறகு யோசித்தால் கைக்குக் கிடைத்ததைத்தான் மாட்டுவோம்.

பவர் ஃபேக்டருக்கு கெபாசிட்டர் வைத்திருப்பீர்கள். வி.எஃப்.டி. எண்ணிக்கை கூடக் கூட ஹார்மோனிக்ஸும் (மின்னலையில் வரும் சிதைவு) கூடும், கெபாசிட்டர் வெடிக்க ஆரம்பிக்கும். கெபாசிட்டரை அதிலிருந்து காக்கும் டீட்யூன்டு ரியாக்டர் வேண்டுமா என்று அளந்து பார்த்து முடிவெடுங்கள். டியூப்லைட் இன்னும் இருந்தால் எல்.இ.டி.க்கு மாறிவிடுங்கள், அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

படி 6: சாயமும் பாய்லரும் இருந்தால்

நூலோடு சாயப் பிரிவும் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு மாறும். விறகோ நிலக்கரியோ எரிப்பது உங்கள் வளாகத்திலேயே நடக்கும் நேரடி உமிழ்வு. புகைபோக்கி வெப்பம் சுமார் 22 டிகிரி இறங்கினால் பாய்லர் திறன் 1 சதவீதம் ஏறும். ஃபீட் வாட்டரை 6 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினாலும் எரிபொருள் ஏறக்குறைய 1 சதவீதம் மிச்சம், இதற்குக் கண்டன்சேட்டை (நீராவி குளிர்ந்து வரும் சூடான தண்ணீரை) சாக்கடைக்கு விடாமல் திருப்பிக் கொண்டுவந்தால் போதும். வேலை செய்யாத ஸ்டீம் டிராப் (நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் வால்வு), உறை இல்லாத வால்வு, ஃபிளேஞ்ச்: மூன்றையும் வெப்பமானி துப்பாக்கியோடு ஒரு சுற்று நடந்து பார்த்துவிடலாம். விறகைக் கூரைக்குள் அடுக்குங்கள். நனைந்த விறகின் வெப்பத்தில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும்.

2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாத முறை இல்லாமல் அங்கே பட்டறை ஓட்ட முடியாது என்றானது. அந்த முறையின் கடைசிக் கட்டமான, கழிவுநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் எவாப்பரேட்டர் பெரும் எரிபொருள் தின்னி. ஆகவே சாயத்தில் தண்ணீரைக் குறைப்பது நேராக எரிபொருளைக் குறைக்கும். ஒரு கிலோ துணிக்கு 10 லிட்டர் எடுக்கும் இயந்திரத்திலிருந்து 6 லிட்டர் எடுக்கும் சாஃப்ட் ஃபுளோவுக்கு மாறினால், தண்ணீரைச் சூடாக்கும் செலவும் சுத்திகரிக்கும் செலவும் சேர்ந்து இறங்கும்.

படி 7: இப்போது சூரியனும் காற்றும்

இதுவரை சொன்னவை முடிந்து, குறைந்துபோன லோடு தெரிந்த பிறகு பேனலுக்கு விலை கேளுங்கள். தமிழ்நாட்டில் 1 மெகாவாட் சோலார் வருடத்துக்கு ஏறக்குறைய 15 லட்சம் யூனிட் தரும். ஆனால் ஆலை 24 மணி நேரமும் ஓடுகிறது. மாலை உச்ச நேரத்தில் சூரியன் இல்லை. காற்றாலை ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை நன்றாக ஓடும், இரவிலும் ஓடும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல், பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய பகுதிகளில் நம் ஆலைக்காரர்கள் பல வருடங்களுக்கு முன்பே காற்றாலை போட்டது இதனால்தான். இரண்டையும் கலந்து திட்டமிடுவது நல்லது. வீலிங் (வெளியே தயாரித்த மின்சாரத்தை மின்வாரியக் கம்பி வழியே ஆலைக்குக் கொண்டுவருவது), பேங்கிங் (மிஞ்சியதை மின்வாரியத்திடம் வரவு வைப்பது) விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. இன்றைய விதியை மட்டும் வைத்து 20 வருடக் கணக்குப் போடாமல், விதி கடுமையானாலும் தாங்குமா என்று பாருங்கள்.

படி 8: கார்பன் கணக்கு

நோட்டில் இரண்டு பகுதி வையுங்கள். உங்கள் வளாகத்தில் எரிவது ஒன்று: ஜெனரேட்டர் டீசல் லிட்டருக்கு சுமார் 2.7 கிலோ, நிலக்கரி, ஏ.சி.யிலிருந்தும் சில்லரிலிருந்தும் கசியும் வாயு. கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆர்-134ஏ என்ற குளிர்வாயு ஒரு கிலோ கசிந்தால் 1.4 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். மின்தொகுப்பில் 2,000 யூனிட் எடுத்ததற்கு ஈடு. கேஸ் நிரப்ப வருபவர் எத்தனை கிலோ ஏற்றினார் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது பகுதி வாங்கிய மின்சாரம். சொந்தக் காற்றாலை யூனிட்டை இங்கே கழிக்கலாம். ஆனால் அதே யூனிட்டுக்குப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழை விற்றிருந்தால் கழிக்கக் கூடாது, அந்தப் பசுமையை வேறொருவர் வாங்கிவிட்டார். விறகின் உமிழ்வைத் தனியாகக் காட்டுங்கள், பூஜ்ஜியம் என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் பொறுப்பாக வேண்டும். எலக்ட்ரிகல் சூப்பர்வைசரோ உதவி மெயின்டனன்ஸ் பொறியாளரோ, வேறு பத்து வேலைக்கு நடுவே இல்லாமல், நேரம் ஒதுக்கிச் செய்பவராக இருக்கட்டும். காலைக் கூட்டத்தில் உற்பத்திக் கணக்குக்கு அடுத்த வரியில் நேற்றைய யூ.கே.ஜி. வரட்டும். முந்தைய நாளைவிட ஏறியிருந்தால் எந்த ஃபீடரில் என்று துணை மீட்டர் சொல்லும். அந்த டிபார்ட்மென்ட் மாஸ்டர் அன்று மாலைக்குள் காரணம் எழுத வேண்டும். கசிவுக் காதும் ஃபிரேம் சூட்டை உணரும் கையும் உள்ளவர்கள் ஷிப்டில் நிற்கும் தொழிலாளிகள். அவர்கள் சொன்ன கசிவை மூன்று நாளில் அடைத்துவிட்டு, ‘நீங்க சொன்னது சரியாப் போச்சு’ என்று அவர்களிடமே போய்ச் சொல்லுங்கள். அடுத்த கசிவையும் அவர்களே வந்து சொல்வார்கள்.